கூட்டம் ரசித்தால் தரம் குறையுமா?

ஜாஸ் வரலாற்றை எழுதுபவர்கள் 1959-க்குத் தனி மரியாதை தருவார்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ மூன்றும் அந்த ஆண்டில் வெளிவந்தன. ஜான் கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்ததும் அப்போதுதான். அடுத்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் கூடினார்கள். ஆர்கனில் ஜிம்மி ஸ்மித், டெனர் சாக்ஸபோனில் ஸ்டான்லி டரன்டைன், கிட்டாரில் கென்னி பரெல், டிரம்ஸில் டொனால்டு பெய்லி. அந்த ஒரே நாளின் வாசிப்பிலிருந்து இரண்டு ஆல்பங்கள் பிறந்தன. ஒன்று ‘மிட்நைட் ஸ்பெஷல்’. மற்றது, 1963-ல் வெளியான ‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’. 1959-ன் ஆல்பங்களுக்குப் ‘புரட்சி’ என்று எழுதும் பேனா, இந்த ஆல்பத்துக்கு வந்ததும் ‘இனிமையானது’, ‘ஜனரஞ்சகமானது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்தத் தரவரிசை தவறு என்பதே என் வாதம். ஒரு இசை புதிதாக எதைத் திறந்தது என்ற ஒரே கேள்வியால் எல்லாவற்றையும் அளப்பதால் நேர்ந்த தவறு இது. அந்தக் கேள்வியை வைத்து அளந்தாலும்கூட இந்த இசை தோற்பதில்லை.

டெனர் சாக்ஸபோனும் ஆர்கனும் சேர்ந்து வாசிக்கும் இந்த இசை ‘சோல் ஜாஸ்’ என்ற வகையைச் சேர்ந்தது. அதை வளர்த்தவை பெரிய இசை அரங்குகள் அல்ல. பிலடெல்பியா, நூவர்க், பிட்ஸ்பர்க், ஹார்லெம், அட்லாண்டிக் சிட்டி எனக் கறுப்பின உழைப்பாளர்கள் குடியிருந்த பகுதிகளின் மதுக்கூடங்கள்தான் அதை வளர்த்தன. தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து விலகி, வேலை தேடி வடக்கே வந்த குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடியவர்களே சனிக்கிழமை இரவில் அந்தக் கூடங்களில் இசை கேட்டார்கள். கூடங்கள் சிறியவை, நான்கைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்க உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது, மேடையில் இடமும் இருக்காது. பியானோவின் வேலையையும் பேஸின் வேலையையும் ஆர்கன் கலைஞர் ஒருவரே பார்த்துக்கொண்டதால், ஆர்கன், டெனர், டிரம்ஸ் என்று மூன்று பேரே ஒரு பெரிய வாத்தியக் குழுவின் நிறைவைத் தர முடிந்தது. ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள அந்த வாத்தியத்தை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு என்பதால், பல கூடங்கள் தங்களுக்கென்று ஓர் ஆர்கனை வாங்கி நிரந்தரமாகவே வைத்துக்கொண்டன. இந்தக் கூட்டணியை உருவாக்கியதில் சிக்கனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், சிக்கனத்துக்காகச் சேர்ந்த இரண்டு வாத்தியங்கள் ஒரு தனிக் கலை மரபாக வளர்ந்ததற்குச் சிக்கனம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

அதற்கான விடை வாத்தியத்தின் உள்ளேயே இருக்கிறது. லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ல் தன் மின் ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களைத்தான் முக்கிய வாடிக்கையாளர்களாக எண்ணினார். உள்ளே ஒரு மோட்டார் பல் விளிம்புள்ள உலோகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது; ஒவ்வொரு சக்கரமும் ஒரு காந்தத்துக்கு அருகே சுழன்று ஒரு சுரத்தை உண்டாக்குகிறது. இழுத்தும் தள்ளியும் சரிசெய்யக்கூடிய சிறு தண்டுகளால், எந்தச் சுரத்தில் எந்த அளவு மேல்சுரங்கள் கலக்க வேண்டும் என்று கலைஞர் தீர்மானிக்கிறார். விசையை அழுத்தும் கணத்தில் ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை எழும். ஹாமண்ட் நிறுவனம் இதைக் குறையாகக் கருதி நீக்கப் பார்த்தது. ஜாஸ் கலைஞர்களோ அதைத் தாளத்துக்குக் கிடைத்த கூர்மையாகக் கொண்டாடினார்கள். ஸ்மித் பியானோவிலிருந்து ஆர்கனுக்கு மாறியபோது, வாத்தியத்தை ஒரு கிடங்கில் வைத்து மாதக்கணக்கில் தனியாகப் பழகினார். அவருக்கு முன் ஜாஸ் ஆர்கனில் புகழ்பெற்றிருந்த வைல்டு பில் டேவிஸ் போன்றவர்கள், அதை ஒரு முழு பேண்டின் முழக்கமாகக் கனத்த ஸ்வரக் கூட்டுகளால் வாசித்தார்கள். ஸ்மித் சாக்ஸபோன் கலைஞர்களைப் பின்பற்றி, ஒற்றைச் சுர வரிசைகளாக, வேகமும் தெளிவும் கொண்ட வாசகங்களாக அதை மாற்றினார். 1956-ல் ப்ளூ நோட் நிறுவனம் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிறகு, ஜாஸ் ஆர்கனை ஸ்மித்துக்கு முன், ஸ்மித்துக்குப் பின் என்று பிரித்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. கலையில் புதுமை என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அவர் கைகளும் கால்களும் செய்யும் வேலையைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வலது கை மெட்டையும் மனோதர்மத்தையும் வாசிக்கிறது. இடது கை கீழ் விசைப்பலகையில் பேஸ் வரிசையை நடத்திச் செல்கிறது. இடது கால் பெடல்களை லேசாகத் தட்டி, அந்த பேஸ் சுரங்களுக்கு ஓர் அழுத்தம் கொடுக்கிறது. வலது கால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. பியானோவில் விரலின் வேகம்தான் ஒலியின் பலம். ஹாமண்டில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சுரம் ஒரே அளவில்தான் வரும். ஆகவே ஆர்கன் கலைஞர் உணர்ச்சியை விரல் பலத்தால் காட்ட முடியாது. சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே விடுவது, இடைவெளியை எங்கே வைப்பது, காலை எப்போது அழுத்துவது என்பவற்றால்தான் காட்ட வேண்டும். விசையை விடும்வரை ஒலி தேயாமல் நிற்கும் என்பதால், நிறுத்துவதில்தான் கலைஞனின் முழுத் திறமையும் இருக்கிறது.

இங்கேதான் டெனர் சாக்ஸபோன் தேவைப்படுகிறது. தமிழ் ரசிகர்கள் கத்ரி கோபால்நாத்தின் கைகளில் கேட்டுப் பழகியது ஆல்டோ சாக்ஸபோன். ‘டூயட்’ படத்தில் ஒலித்ததும் அவருடைய வாசிப்புதான். டெனர் அதைவிடப் பெரியது, தாழ்ந்த குரல் கொண்டது. ஆண் குரலின் எல்லைக்குள் நின்று பேசக்கூடியது. அது முழுக்க முழுக்க மூச்சால் ஆன வாத்தியம். மூச்சு வாங்கும் இடம், சுரத்தின் விளிம்பில் கரகரக்கும் காற்று, வாசகத்தின் முடிவில் தளரும் அதிர்வு எல்லாமே காதில் விழும். களைப்பே அறியாத மின்சாரக் குரலுக்கு எதிரில், களைப்பை மறைக்க முடியாத மனிதக் குரல். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இல்லாததைக் கொடுக்கின்றன. தேவாலயத்தில் போதகர் ஒரு வாசகம் சொல்ல, ஆர்கன் அதை ஆமோதித்து எழும்பும் வழக்கம் கேட்பவர்களின் ரத்தத்தில் ஊறியது. டெனர் ஒரு வாசகம் சொல்ல, ஆர்கன் அடியில் பொங்கி எழும்போது, மதுக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’ இதையெல்லாம் அதன் உச்சத்தில் காட்டுகிறது. ஆல்பத்தின் மூல வடிவில் நான்கே உருப்படிகள். தலைப்புப் பாடல் ஸ்மித் இயற்றிய ப்ளூஸ். ஏறத்தாழ எட்டு நிமிடம். பன்னிரண்டு அளவைகள் கொண்ட ஒரு சுற்று, திரும்பத் திரும்ப வருகிறது. வேகம் நிதானமானது, சாவகாசமாகத் தெருவில் நடப்பவரின் நடை. மெட்டு ஒருமுறை கேட்டாலே மனதில் பதியும் அளவுக்குச் சிறியது. டரன்டைனின் தனி வாசிப்பைக் கவனித்தால், அவர் தாளத்தின் மேல் ஏறி ஓடுவதே இல்லை என்பது புரியும். தாளம் விழுந்து ஒரு நூலிழை கழித்து வாசகத்தைத் தொடங்குகிறார். ஒரு சுரத்தைக் கீழிருந்து வளைத்து மேலேற்றி, அது வந்து சேர்ந்த பிறகு அதிர விடுகிறார். பத்துச் சுரங்களுக்கு இடம் இருக்கும் இடத்தில் நான்கைத் தேர்ந்தெடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுத்த நான்கும் தவறாமல் பேசுகின்றன. பிட்ஸ்பர்க்கில் பிறந்து, லோவெல் ஃபுல்சனின் ப்ளூஸ் குழுவில் இளம் வயதிலேயே ஊர் ஊராகச் சென்று வாசித்தவர் அவர். மக்கள் முன் ஒரு சுரத்துக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மற்ற மூன்றும் இந்த இசையின் வீச்சைச் சொல்கின்றன. ‘வென் ஐ குரோ டூ ஓல்டு டு டிரீம்’ 1930-களின் ஹாலிவுட் படப் பாடல்; சிக்மண்ட் ராம்பெர்க் மெட்டமைத்தது. மேற்பூச்சான சோகம் கொண்ட அந்த மெட்டை இவர்கள் எடுத்து, அதன் அழுகையைக் கழற்றிவிட்டு, நடைபோட வைக்கிறார்கள். ‘மைனர் சாண்ட்’ டரன்டைன் இயற்றியது. 1960 ஜூன் மாதம் தன் முதல் ப்ளூ நோட் ஆல்பமான ‘லுக் அவுட்!’டிலும் அவர் அதைப் பதிவுசெய்தார். பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும் ‘மெஸ்ஸி பெஸ்ஸி’யில் அவசரமே இல்லை, வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுச் சூட்டை ஏற்றுகிறார்கள். இத்தனைக்கும் அடியில் பெய்லியின் டிரம்ஸ், தன்னைக் காட்டிக்கொள்ளாமல், விலகாத காலப்பிரமாணத்துடன் ஓடுகிறது. நிதானமான வேகத்தில் காலப்பிரமாணம் பிசகாமல் நிற்பது துரிதத்தில் நிற்பதைவிடக் கடினம் என்பதைக் கச்சேரி மேடையை அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். வேகம் பல பிழைகளை மறைத்துவிடும். நிதானம் எதையும் மறைப்பதில்லை.

இதற்கு எதிரான வாதங்களில் முதலாவது, இது ஒரே அச்சில் வார்த்த இசை என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1960-களில் ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் போன்ற நிறுவனங்கள் ஆர்கன்-டெனர் ஆல்பங்களைத் தொடர்ந்து வெளியிட்டன. அவற்றில் அவசரத்தில் செய்தவையும், ஒன்றின் நகலாக இன்னொன்றும் உண்டு. ஆனால், ஒரு வடிவத்தை அதன் சராசரியைக் கொண்டு தள்ளுவது என்றால் எந்த வடிவமும் மிஞ்சாது. பீபாப் என்ற ஜாஸ் பாணியிலும் நகல்கள் இருந்தன. பின்னாளில் வந்த கட்டற்ற ஜாஸிலும் இருந்தன. பன்னிரண்டு அளவைச் சுற்று என்பது கற்பனையின் வறுமை அல்ல. இரண்டே அடியில் குறள் நிற்பதுபோல, எல்லை தெரிந்த இடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் சவால் அது. சுற்று எப்போது முடியும் என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆகவே வாசிப்பவர் எங்கே எதிர்பார்ப்பை நிறைவேற்றினார், எங்கே மீறினார் என்பதும் உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவதற்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது வாதம் வணிகம். இந்த இசை ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்காகச் சிறு இசைத்தட்டுகளாகவும் விற்கப்பட்டது; ஸ்மித் ப்ளூ நோட்டின் மிக அதிகம் விற்ற கலைஞர்களில் ஒருவர். இவையெல்லாம் உண்மையே. ஆனால், விற்பனையும் கலையும் எதிரிகள் என்று வைத்துக்கொண்டால் ப்ளூ நோட்டின் வரலாறே விளங்காது. பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் 1939-ல் தொடங்கி, நண்பர் பிரான்சிஸ் உல்ஃபுடன் நடத்திய சிறிய நிறுவனம் அது. எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ போன்ற, எளிதில் விற்காத சோதனை முயற்சிகளையும் அதே நிறுவனம்தான் 1964-ல் வெளியிட்டது. ஒரு சிறிய நிறுவனம் இப்படிப்பட்ட துணிச்சலைக் காட்ட, நன்றாக விற்கும் கலைஞர்கள் தூணாக நிற்க வேண்டும். மதுக்கூடத்தில் சில்லறைக் காசு போட்டுப் பாட்டுக் கேட்டவர்களுக்கும் அந்தச் சோதனைகளில் பங்கு உண்டு. அவர்களின் ரசனையைக் கீழாக எண்ணிக்கொண்டே அதன் பலனை மட்டும் கொண்டாடுவது நியாயமாகாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கத் தெற்கில் உள்ள கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து, எழ மறுத்தார்கள். அந்தப் போராட்டம் தெற்கெங்கும் பரவிக்கொண்டிருந்த வேளையில்தான் இந்தப் பதிவும் நடந்தது. அதே ஆண்டு டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச், ‘வி இன்சிஸ்ட்!’ என்ற விடுதலை ஆல்பத்தைப் பதிவுசெய்தார். டரன்டைன் அதற்குச் சற்றுமுன்வரை ரோச்சின் குழுவில் வாசித்தவர். ரோச் முழங்கியபோது, இவர்கள் நிதானமான ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தது பொறுப்பைத் தட்டிக் கழித்தது ஆகாதா என்று கேட்கலாம். ரோச்சின் ஆல்பம் மாபெரும் படைப்பு. அதன் இடத்தை இது எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், போராடும் மக்களுக்கு முழக்கம் மட்டும் போதாது. வாரம் முழுக்கத் தொழிற்சாலையிலும் பிறர் வீட்டிலும் உழைத்துவிட்டு வருபவர், யாருக்கும் கைகட்டி நிற்காமல், தன் மொழியில் தன் இசையைக் கேட்டு மகிழும் ஓர் இடமும் வேண்டும். அந்த இடத்தைக் காத்தவர்கள் இந்தக் கலைஞர்கள். அரசியல் பாடல் எழுதாததால் அந்தச் சேவை அற்பமாகிவிடாது.

நான்காவதாகச் சொல்லப்படுவது, ஜாஸ் முன்னேறிக்கொண்டிருந்தபோது இது நின்ற இடத்திலேயே நின்றது என்பது. இந்தக் குற்றச்சாட்டை வரலாறே மறுக்கிறது. முன்னேற்றத்தின் அடையாளமாகக் காட்டப்படும் கோல்ட்ரேன், 1955-ல் மைல்ஸ் டேவிஸ் அழைப்பதற்குச் சற்றுமுன், பிலடெல்பியாவில் ஜிம்மி ஸ்மித்துடன் வாசித்துக்கொண்டிருந்தார். ஏர்ல் பாஸ்டிக்கின் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுவில் கோல்ட்ரேன் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தவர் டரன்டைன். ஒரே நாற்றங்காலில் வளர்ந்தவர்களில் ஒருவரை முன்னோடி என்றும் இன்னொருவரைப் பொழுதுபோக்குக் கலைஞர் என்றும் பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். இந்த வடிவமும் தேங்கி நிற்கவில்லை. நூவர்க்கைச் சேர்ந்த ஆர்கன் கலைஞர் லாரி யங், 1965-ல் ஜோ ஹெண்டர்சனின் டெனருடன் ‘யூனிட்டி’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார். கோல்ட்ரேன் திறந்த வழிகளை ஆர்கனுக்குள் கொண்டுவந்த ஆல்பம் அது. ஸ்மித்தின் 1972-ஆம் ஆண்டு ‘ரூட் டவுன்’ வாசிப்பை 1994-ல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் ஹிப்ஹாப் பாடலுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தரவரிசையால் இன்னொரு இழப்பும் நேர்ந்திருக்கிறது. பெண் வாத்தியக் கலைஞர்களுக்கு ஜாஸ் உலகம் எளிதில் தலைமை இடம் தந்ததில்லை. ஆர்கன் மதுக்கூடங்களோ தந்தன. பிலடெல்பியாவின் ஷெர்லி ஸ்காட், 1950-களின் பிற்பகுதியில் டெனர் கலைஞர் எடி ‘லாக்ஜா’ டேவிஸுடன் சேர்ந்து வாசித்த ‘குக்புக்’ ஆல்பங்களால் புகழ்பெற்றார். பிறகு டரன்டைனை மணந்து, ‘ஹிப் சோல்’ உட்படப் பல ஆல்பங்களில் அவருடன் வாசித்தார். ஸ்மித்தின் ஆவேசத்துக்கு எதிராக ஒளியும் மென்மையும் கொண்ட ஒலி ஷெர்லியுடையது. டிரூடி பிட்ஸ், ரோடா ஸ்காட், குளோரியா கோல்மன் என்று இந்தப் பட்டியல் நீளும். ஆர்கன் இசையை அடிக்குறிப்பில் தள்ளும்போது, இவர்களும் சேர்ந்தே அடிக்குறிப்புக்குப் போகிறார்கள்.

ஆகவே, இசையை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இது புதிதாக எதைச் செய்தது என்பது ஒன்று. யாருடன் பேசியது, எவ்வளவு நேர்மையாகப் பேசியது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஸ்மித் ஒரு வாத்தியத்தின் தலைவிதியையே மாற்றி விடையளித்திருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு அந்த ஏப்ரல் நாளில் நான்கு பேரும் சேர்ந்து விடையளித்தார்கள். அமெரிக்கத் தேசியக் கலை நிதியம் 2005-ல் ஸ்மித்துக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது கொடுத்தது. அடுத்த சில வாரங்களில் அவர் மறைந்தார். விருது மேடைக்கு வந்த அங்கீகாரம் வரலாற்று நூல்களின் மையப் பக்கங்களுக்கும் வர வேண்டும். ஒரு சமூகம் தன் இரவுகளைக் கழிக்கத் தேர்ந்தெடுத்த இசையை அலசாமல், அந்தச் சமூகத்தின் கலை வரலாற்றை யாரும் முழுமையாக எழுதிவிட முடியாது. கூட்டம் ரசித்தது என்பது ஒரு படைப்புக்கு எதிரான சாட்சி அல்ல; நல்ல படைப்பாக இருக்கும்போது, அந்தக் கூட்டத்தின் காது எவ்வளவு தேர்ந்தது என்பதற்கான சாட்சி அது.